இரு கடல் நெய்தல்: மன்னார் வளைகுடாக் கரையின் இயற்கையும் வரலாறும்

நெய்தல் என்பது கடலும் கடல் சார்ந்த இடமும் எனப் பள்ளிப் பருவத்திலேயே மனனம் செய்தவர்கள் நாம். அத்தொடரை ஒப்பித்த நாள் முதல், கடல் என்பது ஒன்றே என்னும் எண்ணமும் நம்மை அறியாமல் நம் உள்ளத்தில் குடியேறிவிட்டது. அவ்வெண்ணத்தை என்னிடமிருந்து அகற்றியவர் என் மாணவர் ஒருவர்.

சில ஆண்டுகளுக்கு முன் வகுப்பில் நெய்தல் திணையின் முதற்பொருளை விளக்கிக்கொண்டிருந்தேன். ஆடி மாதத்தில் கடல் கொந்தளிக்கும்; பரதவர் தொழிலுக்குச் செல்ல இயலாது; அதுவே தலைவியின் தனிமைக்குப் பின்புலம் ஆகும் என்று சொல்லிச் சென்றேன். பாம்பன் தீவில் மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்த அம்மாணவர் தயங்கி எழுந்தார். “அம்மா, எந்தக் கடலைச் சொல்றீங்க? ஆடியில தென்கடல்தான் அடிக்கும். வடகடல் குளம் மாதிரி கிடக்கும். எங்க ஐயா அப்ப வலையைத் தூக்கிட்டு வடகரைக்குப் போயிருவாரு” என்றார். வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. நெய்தற் பாடல்களை ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற்ற எனக்கு அது புதிய செய்தியாக இருந்தது.

நம் இலக்கிய வட்டத்தின் பத்தாண்டு நிறைவு மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டும் என அன்பர்கள் பணித்தபோது, அந்த மாணவருக்கு நான் பட்ட கடனையே இங்கு அடைக்கலாம் என எண்ணினேன். நம் கவியரங்குகளில் கடல் பாடப்படாத திங்கள் அரிது. நாம் பாடிய கடல் எந்தக் கடல் என்னும் வினாவை நமக்குள் எழுப்பிக்கொள்வதே இக்கட்டுரையின் நோக்கம். மன்னார் வளைகுடாவும் அதனை அடுத்த பாக் விரிகுடாவும் ஈண்டு ஆய்வுக் களமாகக் கொள்ளப்படுகின்றன.

நிலமும் நீரும்

இந்தியாவின் தென்கிழக்குக் கரைக்கும் இலங்கையின் மேற்குக் கரைக்கும் இடையே கிடக்கும் கடலை, பாம்பன் தீவும் மன்னார்த் தீவும் அவற்றை இணைக்கும் மணல்திட்டுகளும் குறுக்கே நின்று இரண்டாகப் பகுக்கின்றன. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே ஏறத்தாழ 30 கி.மீ. நீளும் இத்திட்டு வரிசையை இராமர் பாலம் என்றும் ஆதாம் பாலம் என்றும் வெவ்வேறு மரபினர் வழங்குவர். இதற்கு வடக்கே இருப்பது பாக் விரிகுடா. தெற்கே இருப்பது மன்னார் வளைகுடா. 1763 முதல் 1767 வரை சென்னையின் ஆளுநராக இருந்த இராபர்ட் பாக் என்பாரின் பெயரே வடபுறத்துக் கடலுக்கு வந்தது. அவருடைய பெயரை அறியாத மீனவர்க்கு அது வடகடல், மற்றது தென்கடல். அமைதியானது என்பதால் முன்னதைப் பெண்கடல் என்றும், சீற்றம் மிக்கது என்பதால் பின்னதை ஆண்கடல் என்றும் வழங்குவதும் உண்டு. இப்பெயரீட்டில் பெண்ணாகிய எனக்கு ஒரு மறுப்பு உண்டு. அதனைப் பின்னர்க் கூறுவேன்.

இரண்டு கடல்களின் இயல்பும் வேறு. பாக் விரிகுடா ஆழம் குறைந்தது. அதன் பெரும்பகுதியில் பத்து மீட்டருக்கு மேல் ஆழம் இல்லை. மிக ஆழமான இடமும் பதினைந்து மீட்டரைத் தாண்டுவது அரிது. சேறும் மணலும் படிந்த அதன் தரையில் கடற்புல் வெளிகள் பரந்து கிடக்கின்றன. அப்புல்லை மேய்ந்து வாழ்வது ஆவுளியா என மீனவர் வழங்கும் கடற்பசு. மன்னார் வளைகுடாவோ கரையோரத்தில் பவளப்பாறைகளும் தீவுகளும் கொண்டு, தெற்கே செல்லச் செல்ல ஆயிரம் மீட்டருக்கும் கீழே ஆழ்ந்துவிடுகின்றது. இரண்டிலும் ஓதம் ஏறி இறங்கும் அளவு ஒரு மீட்டருக்கும் குறைவே. ஆகவே இக்கரையின் வாழ்வை ஆள்வது ஓதம் அன்று, காற்றே ஆகும்.

பாக் விரிகுடாவின் ஆழமின்மை பழமையான ஒரு வரலாற்றையும் உள்ளடக்கியது. ஏறத்தாழ இருபதாயிரம் ஆண்டுகளுக்கு முன், பனியூழிக் காலத்தில், உலகக் கடல்மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட 120 மீட்டர் அளவுக்குத் தாழ்ந்திருந்தது என்பர் நிலவியலார். அன்று பாக் விரிகுடா கடல் அன்று, நிலம். பனி உருகிக் கடல் ஏறியபோதுதான் இலங்கை தனித் தீவாயிற்று. மண்டபம், இராமேசுவரம் கரைகளில் நீர்மட்டத்திற்கு மேல் நிலத்தில் நிற்கும் பழம்பவளப் பாறைகள், கடல் இன்றைய அளவினும் சற்று உயர்ந்திருந்த காலமும் உண்டு என்பதைக் காட்டுகின்றன. கடல்கோள் என்று நாம் பேசுவதன் அறிவியல் முகம் இது. இம்மாற்றம் ஒரு நாளில் ஊரை விழுங்கிய பேரலையாக அன்றிப் பல்லாயிரம் ஆண்டுகளாக மெல்ல நிகழ்ந்தது என்பதையும் நாம் நினைவில் கொள்ள வேண்டும்.

காற்றின் பெயர்கள்

இலக்கியம் பயின்றோர்க்குக் காற்று நான்கு: வடக்கிலிருந்து வாடை, கிழக்கிலிருந்து கொண்டல், மேற்கிலிருந்து கோடை, தெற்கிலிருந்து தென்றல். கடல்மேல் செல்வோர்க்கும் நான்கு பெயர்கள் உண்டு. வாடையும் கொண்டலும் அவ்வாறே நிற்க, கோடைக்குக் கச்சான் என்றும் தென்றலுக்குச் சோழகம் என்றும் அவர்கள் வழங்குவர். இவற்றை இணைத்து, வடகிழக்குக் காற்றை வாடைக்கொண்டல் என்றும், தென்கிழக்குக் காற்றைச் சோழகக்கொண்டல் என்றும் இடைத்திசைகளுக்கும் பெயர் அமைத்துக்கொண்டனர். நூல் பயிலாதோர் என நாம் கருதிய மக்கள் எண்திசைக் காற்றுக்கும் நாவில் ஒரு கருவி வைத்திருந்தனர் என்பது வியக்கத்தக்கது. தென்றல் என்னும் மென்மையான சொல், பாய்மரம் கட்டுவோன் வாயில் சோழகமாக வலிமை பெற்றுவிடுகின்றது. கவிஞர்கள் எண்ணிப் பார்க்க வேண்டிய இடம் இது.

இனி, என் மாணவர் சொன்ன செய்திக்கு வருவோம். சூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று வீசுகின்றது. அதன் விசை முழுவதும் திறந்து கிடக்கும் தென்கடல்மேல் படுகின்றது, அலை உயர்கின்றது, நீர் கலங்குகின்றது. அதே வேளையில், நிலமும் தீவும் மறைப்பதால் வடகடல் அமைதியாகக் கிடக்கின்றது. அக்டோபர் முதல் வடகிழக்குப் பருவக்காற்று தொடங்குகின்றது. அப்போது வங்கக் கடலை நோக்கித் திறந்த வடகடல் கொந்தளிக்க, தென்கடல் தணிகின்றது. நீரோட்டமும் காற்றைப் பின்பற்றித் திசை மாறுகின்றது. இதனால் பாம்பன் தீவின் சிறுதோணி மீனவர் ஆண்டிற்கு இருமுறை கரை மாறுவர். ஒரே குடும்பத்திற்கு இரு கரைகளிலும் குடிசை இருப்பதுண்டு.

ஐப்பசி, கார்த்திகையில் பெண்கடல் சீறுவதையும் ஆண்கடல் அடங்குவதையும் கண்ட பின், முன்னே சுட்டிய பெயரீட்டை நான் எவ்வாறு ஏற்பது? பெண்மை என்றால் அமைதி என்னும் கணக்கு கடலில்கூட அரையாண்டிற்கு மேல் செல்லுபடியாகவில்லை.

தொல்காப்பியம் ஐந்திணைக்கும் பொழுது வகுக்கும்போது, நெய்தலுக்கு எற்பாடு என்னும் சிறுபொழுதை மட்டும் சொல்லிப் பெரும்பொழுதைச் சொல்லாமல் விடுகின்றது. மருதத்திற்கும் அவ்வாறே. ஆறு பெரும்பொழுதும் இவற்றிற்கு உரியன என்பது உரையாசிரியர் கொள்கை. இதனை ஓர் இடைவெளியாகவே நான் பல்லாண்டு கருதி வந்தேன். இரு கடலைப் பார்த்த பின், ஆண்டின் எப்பருவத்திலும் ஒரு கடல் மூடும்போது மற்றொரு கடல் திறந்திருக்கும் நிலத்திற்குத் தனிப் பெரும்பொழுது எப்படிப் பொருந்தும் என்று தோன்றுகின்றது. இலக்கண ஆசிரியர் இக்கரையைத்தான் எண்ணினார் என்று நான் சொல்ல வரவில்லை. ஆயினும் நூற்பாவின் மௌனத்திற்கும் ஒரு நிலவியற் பொருள் இருக்கக்கூடும் என்று எண்ண இடம் உண்டு.

மழை மறைவு நிலம்

கடலோரம் என்றால் வளம் என்னும் எண்ணமும் இங்குப் பொய்க்கின்றது. தென்மேற்குப் பருவக்காற்று கொண்டுவரும் நீரை மேற்குத் தொடர்ச்சி மலை மலையாளக் கரையிலேயே இறக்கிவிடுகின்றது. மலையைத் தாண்டி வருவது வறண்ட காற்று. தூத்துக்குடிப் பகுதி ஆண்டில் பெறும் மழை ஏறத்தாழ 650 மி.மீ.; அதிலும் பெரும்பகுதி வடகிழக்குப் பருவத்தின் சில வாரங்களில் பெய்து முடிந்துவிடும். வைகை பெரும்பாலான ஆண்டுகளில் இராமநாதபுரம் பெரிய கண்மாயோடு நின்றுவிடுகின்றது. கடலைக் காணும் ஆண்டுகள் சில. ஆண்டு முழுதும் ஓரளவு நீர் கொண்டு வளைகுடாவில் கலக்கும் பேராறு பொருநை ஒன்றே எனலாம்.

இவ்வறட்சி சாபம் மட்டும் அன்று. மழை குறைந்து வெயிலும் காற்றும் மிகுந்தமையால் உப்பு விளைகின்றது. தமிழ்நாட்டு உப்பின் பெரும்பகுதி இன்றும் தூத்துக்குடி மாவட்டத்து உப்பளங்களிலிருந்தே வருகின்றது. சங்க இலக்கியத்து உமணரின் வண்டித்தடம் இக்காலநிலையில் தொடங்குகின்றது என்றால் மிகையாகாது. அதே காற்று கணவாய் வழியே புகுந்து செம்மணலை வாரிக் குவித்ததால் உருவானவையே திருச்செந்தூரை அடுத்த குதிரைமொழி முதலிய தேரிகள். கடலுக்கு மிக அருகில் பாலை போன்று தோன்றும் அம்மேடுகளில் பனை மட்டுமே தலைநிமிர்ந்து நின்றது. பனையை நம்பி மக்கள் நின்றனர். நெய்தலும் பாலையும் கைகோத்து நிற்கும் இக்காட்சி, திணைமயக்கத்திற்கு நிலமே தந்த எடுத்துக்காட்டு.

முத்துக்கு ஒரு பருவம்

கொற்கை முத்தின் பெருமையை நம் வட்டத்தார்க்கு நான் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. மதுரைக்காஞ்சியும் சிறுபாணாற்றுப்படையும் கொற்கையைப் போற்றுகின்றன. கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த பெரிப்ளூசு என்னும் கிரேக்க நூல், பாண்டிய நாட்டுக் கொற்கையில் முத்துக் குளித்தல் நடைபெற்றதையும், தண்டனை பெற்ற கைதிகள் அதில் ஈடுபடுத்தப்பட்டதையும் குறிக்கின்றது. பாட்டில் அரசியின் கழுத்தில் ஒளிர்ந்த முத்தை ஒரு கைதியின் மூச்சு கரையேற்றியது என்னும் உண்மையை அயலவர் எழுதி வைத்தமையால் நாம் அறிகிறோம்.

முத்து எப்போது குளிக்கப்பட்டது என்பதில்தான் காற்றின் வரலாறு அடங்கியுள்ளது. வாடை ஓய்ந்து கச்சான் தொடங்கும் முன் உள்ள இடைவெளியில், பங்குனி சித்திரையை ஒட்டிய வாரங்களில், தென்கடல் தெளிந்து நிற்கும். பார் என வழங்கும் முத்துப்படுகைகள் கரையிலிருந்து பல கி.மீ. தொலைவில் நீருக்குள் கிடப்பவை. கலங்கிய நீரிலும் உயர்ந்த அலையிலும் அவற்றைத் தேடி இறங்க இயலாது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இக்கரைக்கு வந்த மார்க்கோ போலோ, ஏப்ரல் தொடக்கம் முதல் மே நடுப்பகுதி வரை முத்துக் குளித்ததாக எழுதுகிறார். அரசனுக்குப் பத்தில் ஒரு பங்கும், சுறா தீண்டாமல் மந்திரத்தால் கட்டுவோர்க்கு இருபதில் ஒரு பங்கும் தரப்பட்டன என்றும் அவர் குறிக்கிறார். அம்மந்திரக்காரர் தமிழில் கடல்கட்டி எனப்பட்டனர். கடலையே கட்டுபவர் என்னும் அப்பெயரில் நம்பிக்கையும் அச்சமும் ஒருங்கே ஒலிக்கின்றன.

அரசுகள் மாறின; முத்துக்கான பருவம் மாறவில்லை. 1530களில் போர்த்துக்கீசியர் இக்கரையில் கால் ஊன்றினர். பரதவர் பெருந்திரளாகக் கிறித்தவம் தழுவினர். 1542இல் பிரான்சிசு சவேரியார் வந்தார். 1658இல் தூத்துக்குடி டச்சுக்காரர் கைக்குச் சென்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலேயருக்கு உரியதாயிற்று. ஒவ்வோர் ஆட்சியும் அதே சித்திரைத் தெளிவிற்காகக் காத்திருந்தது. படுகையில் சிப்பி இல்லாத ஆண்டுகள் பல. கிடைத்த ஆண்டு திருவிழா. 1955இல் தொடங்கிய முத்துக்குளிப்பு வரிசை 1961இல் முடிந்தது. அதன்பின் தூத்துக்குடிக் கடலில் முத்துச் சலாபம் கூடவில்லை. 1973இல் தூத்துக்குடிக்கு அருகே வேப்பலோடையில் அறிஞர் அழகர்சாமி சிப்பியில் வளர்ப்பு முத்து உருவாக்கிக் காட்டினார் என்பது தனிச் சாதனை. ஆயினும் பாட்டில் நாம் பாடும் கொற்கை முத்து இப்போது மொழியில் மட்டுமே விளைகின்றது.

ஒதுங்கிய கடல், ஏறிய கடல்

கொற்கை இன்று கடற்கரையில் இல்லை, ஆறேழு கி.மீ. உள்ளே ஒதுங்கி நிற்கும் சிற்றூர். பொருநை கொண்டுவந்த வண்டல் ஆண்டுதோறும் படிந்து கடலைப் பின்னுக்குத் தள்ளிற்று. அடுத்துச் சிறந்த காயலும் அவ்வாறே நிலத்துள் அமிழ்ந்து பழையகாயல் ஆயிற்று. கால்டுவெல் தம் 1881ஆம் ஆண்டுத் திருநெல்வேலி வரலாற்றில் இவ்விரு துறைகளையும் அடையாளம் கண்டு எழுதினார். 1968-69இல் தமிழ்நாடு அரசு தொல்பொருள் ஆய்வுத் துறை கொற்கையில் அகழ்ந்தது; 2021இல் மீண்டும் அகழாய்வு நடைபெற்றது. வைகை முகத்து அழகன்குளத்தில் உரோமக் காசுகளும் கப்பல் உருவம் கீறிய பானை ஓடும் கிடைத்துள்ளன. துறைகளை அழித்தது பகைவர் படை என்று எண்ணும் பழக்கம் நமக்கு உண்டு. கொற்கையைப் பொறுத்தவரை, அதனை வளர்த்த ஆறே அதனைக் கடலிடமிருந்து பிரித்தது.

கடல் ஒதுங்கிய கதை மெல்ல நிகழ்ந்தது. கடல் ஏறிய கதை ஓர் இரவில் நிகழ்ந்தது. 1914இல் பாம்பன் தொடர்வண்டிப் பாலம் திறக்கப்பட்ட பின், தனுஷ்கோடி இலங்கைக்குச் செல்வோரின் வாயிலாக விளங்கியது. 1964ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள் இரவு, நிலநடுக்கோட்டிற்கு அருகில் உருவாகி வலுப்பெற்ற புயல் ஒன்று அவ்வூரைத் தாக்கியது. ஏழு மீட்டர் அளவுக்கு அலை எழுந்ததாகப் பதிவுகள் கூறும். பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குச் சென்ற தொடர்வண்டி, அதில் இருந்த நூற்றுக்கு மேற்பட்டோருடன் கடலுள் சென்றது. ஊர் மீண்டும் கட்டப்படவில்லை. பாலத்தைப் பொறியாளர் சிறீதரன் 46 நாட்களில் சீர்செய்தார். 2017இல் அரிச்சல்முனை வரை சாலை திறக்கப்பட்டது. 2025 ஏப்ரலில் பாம்பனில் புதிய பாலமும் வந்தது. சுற்றுலா வருவோர் இடிந்த தேவாலயத்தின் முன் படம் எடுத்துக்கொள்கின்றனர். அதற்குச் சிறிது தொலைவில், இன்றும் ஓலைக் குடிசையில் வாழ்ந்து வலை இழுப்போர் உள்ளனர்.

இதற்கு மாறான நாளும் உண்டு. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை நாகைக் கரையைச் சூறையாடியபோது, இலங்கை மறைத்து நின்றதால் இவ்விரு கடல்களின் கரைகள் பெரும்பாலும் தப்பின. ஆயினும் பழைய கணக்குகள் இப்போது தவறத் தொடங்கியுள்ளன. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டிற்று. ஓராண்டில் பெய்வதைவிட மிகுதியான நீர் ஒரு பகல் இரவில் இறங்கியது. மழை மறைவு நிலம் என்று மேலே நான் எழுதிய பகுதியைப் படித்துவிட்டு இச்செய்தியைப் படிப்போர்க்கு, காலநிலை மாறுகின்றது என்பதன் பொருள் விளங்கும்.

நாம் கரைத்த தீவுகள்

பாம்பன் முதல் தூத்துக்குடி வரை வளைகுடாவில் 21 தீவுகள் எண்ணப்பட்டன. குருசடை, மனோலி, முயல், முல்லி, வாலை, அப்பா, நல்லதண்ணி, உப்புத்தண்ணி, காரைச்சல்லி, வான் எனச் செல்லும் அப்பெயர் வரிசையே ஒரு பாட்டுப் போன்று ஒலிக்கும். குடிநீர் இருந்ததா என்பதைக்கூடப் பெயரில் எழுதி வைத்தவர் நம் முன்னோர். நூற்றுக்கு மேற்பட்ட பவள இனங்களும், ஆராய்ச்சியாளர் வியக்கும் எண்ணற்ற உயிர்களும் இத்தீவுகளைச் சூழ்ந்து வாழ்கின்றன. 1986இல் இப்பகுதி கடல்சார் தேசியப் பூங்காவாகவும், 1989இல் 10,500 ச.கி.மீ. பரப்புடைய உயிர்க்கோளக் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்டது.

ஆனால் இன்று 21 தீவுகள் இல்லை. தூத்துக்குடியை அடுத்த விலங்குசல்லியும் கீழக்கரையை அடுத்த பூவரசன்பட்டியும் நீர்மட்டத்திற்குக் கீழே சென்றுவிட்டன. கடல் திடீரென்று வந்து அவற்றை விழுங்கவில்லை. சுண்ணாம்புக்காகவும், கட்டடக் கல்லுக்காகவும், கால்சியம் கார்பைடு செய்யும் தொழிலுக்காகவும் தீவுகளைச் சுற்றியிருந்த பவளப்பாறைகளைப் பல்லாண்டு பெயர்த்து எடுத்தோம். அலையைத் தடுத்து நின்ற மதில் போயிற்று. மதிலுக்குப் பின் இருந்த மணல் கரைந்தது. 2001இல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன, அகழ்தல் நின்றது. வான் தீவைக் காப்பதற்கு அதன் முன்னே செயற்கைத் திட்டுகள் இறக்கப்பட்டுள்ளன. ஆயினும் 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் கடல்நீர் அளவுக்கு மீறிச் சூடேறியதால் எஞ்சிய பவளங்களும் வெளிறின.

இதனை எழுதும்போது என் தாய்வழிப் பாட்டியின் வீடு நினைவுக்கு வருகின்றது. இராமநாதபுரத்துக் கடற்கரையூர் ஒன்றில் இருந்தது அவ்வீடு. கோடை விடுமுறையில் அங்குச் செல்வோம். திண்ணைச் சுவரில் காரை பெயர்ந்த இடங்களில் கல்லின்மேல் பூப்போன்ற நுண்ணிய வரிகள் தெரியும். விரலால் அவற்றைத் தடவிக்கொண்டே கதை கேட்டிருக்கிறேன். சிற்பி யாரோ செதுக்கியவை என்று அப்போது நம்பினேன். பவள உயிர்களின் எலும்புக்கூடு அது என்பதைப் படித்து அறிந்தது நாற்பது வயதிற்குப் பிறகு. அச்சுவர் இன்றி எனக்கு நிழல் இல்லை. அச்சுவரால் ஒரு தீவின் மதில் சிறிதாவது குறைந்திருக்கும். ஆகவே குற்றம் சாட்டும் குரலில் இதனை என்னால் எழுத இயலவில்லை.

காக்கும் முயற்சிக்கும் விலை உண்டு. அதனையும் மறைத்தல் கூடாது. தீவுகளைச் சூழ்ந்த ஆழமற்ற நீரில் மூழ்கி மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப்பாசியும் எடுத்துப் பிழைத்த பெண்களுக்கு, பூங்கா எல்லை அவர்களுடைய வயலின் வேலியாயிற்று. சங்கப் பாடல்களில் பெண் கரையில் நின்று காத்திருப்பாள். மீன் உணங்கலைக் காப்பாள். இப்பெண்களோ கையில் துணி சுற்றிக்கொண்டு கடலுக்குள் இறங்குபவர்கள். நெய்தல் திணையின் தலைவி நீருக்குள் மூச்சடக்கித் தொழில் செய்வதை நம்மில் யாரும் இன்னும் போதிய அளவு பாடவில்லை.

நிறைவாக

தொகுத்துக் கூறின், இக்கரையின் வரலாற்றை மூன்று ஆற்றல்கள் எழுதியுள்ளன. காற்று எழுதியது முதலாவது: எந்த மாதத்தில் எந்தக் கரை, எந்த வாரத்தில் முத்து, எந்த நிலத்தில் உப்பு என்பன. ஆறும் புயலும் எழுதியது இரண்டாவது: கொற்கை ஒதுங்கியதும் தனுஷ்கோடி வீழ்ந்ததும். மூன்றாவது நம் கை எழுதியது. முதல் இரண்டிற்கும் நம் மொழியில் பாட்டு உண்டு, கண்ணீர் உண்டு. மூன்றாவதற்கு இரங்கற்பா ஒன்றைக்கூட நான் இதுவரை கேட்டதில்லை.

கடல் கொண்ட குமரி நிலத்தை எண்ணி உருகாத தமிழ்ப் புலவர் இல்லை. அவ்வுருக்கத்தை நான் குறை கூறவில்லை. ஆயினும் ஆயிரமாயிரம் ஆண்டுகளுக்கு முன் இழந்ததாக நாம் நம்பும் மலைக்கும் ஆற்றுக்கும் வடித்த கண்ணீரில் ஒரு துளியேனும் விலங்குசல்லிக்கு வேண்டாவா? சல்லி என்பது உடைந்த சிறு கல். பவளத் துண்டுகள் சேர்ந்து உருவான தீவு என்று அதன் பெயரே சொல்கின்றது எனக் கொள்ளலாம். பூவரசன்பட்டி என்னும் பெயரில் ஒரு பூவரச மரம் நிற்கின்றது. தீவு மறைந்த பின்னும் பெயர் எஞ்சியுள்ளது. பெயரைக் காப்பது புலவர் தொழில்.

எனவே நம் வட்டத்தின் அன்பர்களுக்கு என் வேண்டுகோள் இது. பதினோராம் ஆண்டின் முதற் கவியரங்கை இவ்விரு தீவுகளின் பெயரால் நடத்துவோம். பாடவரும் கவிஞர் ஒவ்வொருவரும் அதற்கு முன் ஒருநாள் பாம்பன் தீவின் இரு கரைகளிலும் நின்றுவிட்டு வரவேண்டும். எந்தக் காற்று வீசுகின்றது, எந்தக் கடல் திறந்திருக்கின்றது என்று அங்கே வலை உலர்த்துவோரிடம் கேட்டு வரவேண்டும். என் மாணவரின் ஐயாவைப் போன்றோர் விடை சொல்வார்கள்.

அவ்வகுப்பிற்குப் பின் நெய்தல் நடத்தும்போதெல்லாம் கரும்பலகையில் முதலில் ஒரு தீவை வரைகிறேன். அதன் வடக்கே ஒரு கடல், தெற்கே ஒரு கடல் என்று எழுதுகிறேன். பிறகுதான் பாடலைத் தொடங்குகிறேன்.